பதினாறாம் நாளுக்கு ஒரு பாட்டு

"ஐயரே, பதினாறாம் நாளு தாலி கழத்தும்போது பாடுததுக்கு எந்தப் பாட்டு நல்லாயிருக்கும்?"

உபதேசியார் மாசிலாமணி இப்படித்தான் கேட்டார். கோயிலுக்குள் நின்றுகொண்டு, கையில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

நான் அந்த வேதக்கோயிலுக்கு மணியடிக்கிறவன். அப்போது பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது சரிதானா என்று நிமிர்ந்து பார்த்தேன்.

எங்கள் சபைப் பாதிரியார் ஞானாபரணம் ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் முதலில் அதைத்தான் செய்வார்.

"யாரு தாலிய?"

"என் மருமவ பியூலா தாலியத்தான். இன்னைக்குப் பதினாறு. பொம்பளைங்க எல்லாம் அவளக் கூட்டிக்கிட்டு வெளிய வந்து நிக்காவ. நீங்க ஒரு ஜெபம் பண்ணி, பாட்டையும் சொல்லிட்டியன்னா வீட்டுல போயி முடிச்சிருவோம்."

உபதேசியாரின் ஒரே மகன் எட்வின். டெங்குக் காய்ச்சலில் அஞ்சே நாளில் போய்விட்டான். இதே கோயிலில் கல்யாணமாகிப் பதினோரு மாசம்தான் ஆகியிருந்தது. அந்தத் தாலியை ஜெபம்பண்ணி எட்வின் கையில் எடுத்துக் கொடுத்தவர் இதே ஐயர்தான்.

"கழத்தச் சொல்லி வேதத்துல எங்க இருக்கு?"

"இல்ல. அதான் பாட்டும் ஜெபமும் வச்சிரலாம்னு பாத்தேன்."

"பாட்டு வச்சா சரியாப் போவுமா?"

ஐயருக்கு உதவியாகச் சபை ஊழியம் செய்கிற உபதேசியார் அவரைவிடப் பதினெட்டு வயசு மூத்தவர். ஆனாலும் வேதாகமம் படித்தது ஐயரிடம்தான். தினமும் விடிந்ததும் நோட்டும் கையுமாக வந்து உட்கார்ந்துவிடுவார். கேள்வி கேட்டால் ஒப்பிப்பார். சும்மா சொல்லக் கூடாது, ஒரு வசனம் தப்பாது.

"பியூலா கேட்டாளா, கழத்துங்கன்னு?"

"அவ என்னத்தக் கேப்பா? மொகத்தக் கூடக் காட்ட மாட்டேங்கா."

"பொறவு யாரு கேட்டா?"

உபதேசியார் தரையைப் பார்த்தார்.

"எட்வின்தான் கேட்டான்."

ஐயர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அவனத்தான் நாம அடக்கம் பண்ணியாச்சே."

"பக்கத்து ஊர்ல ஒரு அம்மா இருக்கா ஐயரே. வெத்தலையில மை போட்டுப் பாத்து, செத்தவங்களப் பேச வைப்பா. அஞ்ஞானின்னு நெனச்சிராதிய. நம்ம ஆளுதான். சுவத்துல சிலுவை மாட்டியிருக்கா. ஸ்தோத்திரம் சொல்லி ஜெபம் பண்ணிட்டுத்தான் மையத் தொடுதா."

போன வருஷம் ஒரு பனையேறி தன் கைக்குழந்தைக்குப் பயந்த கோளாறு என்று கறுப்புக் கயிறு கட்டியிருந்தான். குழந்தையோடு அவனைக் கோயில் வாசலில் நிறுத்தி, எல்லார் முன்னாலும் கத்தரிக்கோல் போட்டுக் கயிற்றை அறுத்தவர் இந்த உபதேசியார்தான். அன்றைக்குக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தது நான்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அந்தச் சிலுவைய எதுக்கு மாட்டியிருக்கா தெரியுமா?" என்றார் ஐயர். "உம்ம மாதிரி ஆளு உள்ள வரக் கூச்சப்படக் கூடாதுன்னு."

"ஐயரே—"

"எத்தன தடவ போனீரு?"

"நாலு."

"என்ன கேட்டீரு?"

"ஏம்ல செத்தன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"வீட்டுக்கு வந்தவ கால் சரியில்லன்னான். அவ கழுத்துல தாலி கெடக்குற வரைக்கும் எனக்கு இளைப்பாறுதல் இல்லன்னான். தாலியக் கழத்தி, வெள்ளச் சேலையக் குடுத்து, அவ அம்மா வீட்டுல கொண்டு விட்டிருங்கன்னான்."

"எட்வின் குரலா?"

"அவன் குரலேதான் ஐயரே. சத்தியமாச் சொல்லுதேன்."

"அப்ப இன்னும் மோசம். மைக்காரி குரலுன்னாலாவது அவ உம்ம ஏமாத்திட்டான்னு விட்டிரலாம். உம்ம மவன் குரலப் போட்டுக்கிட்டு எதுவோ பேசுது, நீரு வெத்தலைக்கு முன்னால கைகட்டி உக்காந்து கேட்டிருக்கீரு."

உபதேசியாரின் முகம் சிவந்தது. ஐயர் விடவில்லை.

"கல்லறையில நின்னு என்ன பிரசங்கம் பண்ணினீரு?"

"என் மவன் கர்த்தருக்குள்ள இளைப்பாறுதான்னு சொன்னேன்."

"இப்ப இளைப்பாறலேங்கீரு. எது பொய்? கல்லறையில சொன்னதா, மையில கேட்டதா?"

கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் ஓங்கிப் போட்டார் உபதேசியார். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் கோயிலுக்குள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"உங்களுக்குப் பிள்ள சாகல ஐயரே. பேசுவிய. கல்லறையில ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நான். உபதேசியாரே அழுதா ஜனங்க விசுவாசம் என்னாவும்னு பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். எல்லாரும் மெச்சுனாவ. வீட்டுக்குப் போனா அவன் செருப்பு கெடக்கு. அந்தப் பயல் ஏன் செத்தான்னு எனக்குத் தெரியாண்டாமா?"

"தெரியணும்."

"பின்ன?"

"அதக் கேக்கத்தான் மைக்காரிகிட்டப் போனீரா?"

"வேற யாருகிட்டக் கேக்க?"

ஐயர் பீடத்தைக் கையால் காட்டினார்.

உபதேசியார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அங்க எப்படிக் கேக்க? ஆண்டவரு ஊழியக்காரன் நான். அவர்கிட்டப் போயி சண்டையா போடுவாவ?"

"மைகிட்டப் போவலாம். அவர்கிட்டச் சண்ட போடக் கூடாது. இதத்தான் என்கிட்டப் படிச்சீரா?"

ஐயர் அவர் தோளைப் பிடித்துப் பீடத்தைப் பார்க்கத் திருப்பினார். மூத்த மனுஷன் என்று பார்க்கவில்லை. நல்ல பலமாகவே திருப்பினார்.

"பாட்டும் வேண்டாம், வசனமும் வேண்டாம். கேளும்."

என்னையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினார்.

வேப்பமரத்தடியில் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உபதேசியாரின் அக்காள் சொர்ணம் முன்னால் நின்றாள். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் வெள்ளைச் சேலை. நடுவில் பியூலா. முக்காடு முகத்தை மறைத்திருந்தது. ஒரு கையால் தாலியை இறுக்கிப் பிடித்திருந்தாள். இருபத்திநாலு வயசுப் பிள்ளை. பார்க்க மனசு கேட்கவில்லை.

"என்ன ஐயரே, பாட்டு முடிவாயிட்டா?" என்றாள் சொர்ணம். "நேரமாவுது. திங்கக்கிழம பத்தரைக்கு எமகண்டம் வந்திரும்."

"வந்துட்டுப் போவுது" என்றார் ஐயர். கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. உபதேசியார் பின்பக்க வாசல் வழியாகப் போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

பிறகு மெதுவாக ஒரு குரல் வந்தது. "ஏன்?"

கொஞ்சம் விட்டு மறுபடியும், "ஏன் எடுத்தீரு?"

அப்புறம் குரல் ஏறியது. "முப்பத்திரண்டு வருசம் உம்ம வேலையத்தான செய்தேன். வெயில்னு பாத்தனா, மழைன்னு பாத்தனா? ஒண்ணே ஒண்ணு குடுத்தீரு. அதையும் எடுத்துக்கிட்டீரு. நீரு தகப்பன்தானா?"

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சொர்ணம் மார்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஆண்டவர்கிட்ட இப்படியா பேசுவாவ? தம்பிக்கு எதுவோ பிடிச்சிருக்கு ஐயரே. கதவத் தெறங்க, எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுங்க."

"பதினாறு நாளா பிடிச்சிருந்தது. இப்பத்தான் விடுது. சும்மா நில்லுங்க."

உள்ளே பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது.

"காய்ச்சல்ல கெடக்கும்போது உம்மகிட்டத்தான கேட்டேன். ராவும் பகலும் கேட்டேன். பியூலாவும் என்கூட முழங்கால்ல நின்னால்லா? சோறு தண்ணி இல்லாம நின்னால்லா அந்தப் பிள்ள?"

அந்த இடத்தில் குரல் நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. திரும்பப் பேசும்போது வேறு ஆள் மாதிரி இருந்தது.

"அவ எடுக்கல." ஒரு நிமிஷம் கழித்து, இன்னும் பலமாக, "அவ எடுக்கல. நீருதான் எடுத்தீரு. நீருதான் எனக்குப் பதில் சொல்லணும். அவ என்ன செய்தா? பாவி நான், பழிய அவ மேலயில்லா போட்டேன்."

அதன் பிறகு வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. மாடு கதறுகிற மாதிரி ஒரு அழுகை. பதினாறு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் வந்தது.

பியூலா முக்காட்டை விலக்கிவிட்டு நடந்து வந்தாள். சொர்ணம் கையைப் பிடித்தாள். அவள் உதறிக்கொண்டு வந்தாள். ஐயர் கதவைத் திறந்து வழி விட்டார்.

"மாமா" என்று அவள் கூப்பிட்டது கேட்டது. ஐயர் மறுபடியும் கதவைச் சாத்தினார்.

"அப்ப தாலி?" என்றாள் சொர்ணம்.

"உபதேசியாரு ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்காரு" என்றார் ஐயர். "அந்தச் சேலைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க."