உருளும் பெட்டியும் உள்ளே போன மாமாவும்

காங்கயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்று சகோதரர்கள் வாழ்ந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது என்றும், பாகப்பிரிவினையின்போது அது எங்கேயோ கைதவறிவிட்டது என்றும் ஊரார் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஒரு மூளை இருந்ததற்கே ஆதாரம் இல்லை.

மூத்தவர் சென்னியப்பன், வயதில் பெரியவர், உருவத்தில் கொத்தவரங்காய். இரண்டாமவர் நாச்சிமுத்து. இளையவர் குப்பண்ணன். இவர்களுடைய ஒரே தங்கை சொர்ணத்தின் மகள் பூங்கோதை மேல்படிப்புக்காக ஜெர்மனி புறப்பட்டாள். நாலு மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் கோவையில் விமானத்தைப் பிடிக்க முடியும். விமானம் போனால் கல்லூரியில் கிடைத்த இடமும் போகும்.

எல்லாம் தயாராக இருந்தது, பெட்டியைத் தவிர. அவள் என்றோ வாங்கியிருப்பாள். தாய்மாமன் சீராகப் பெட்டி வராமல் பெண் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று மாமன்மார் மூவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். புறப்படும் நாள் காலைவரை நின்றுகொண்டே இருந்தார்கள்.

பூங்கோதை அவர்களை அறிந்தவள். ஆகவே ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"காலியா இருக்கறப்ப எல்லாப் பெட்டியும் உருளுமுங்க மாமா. நெறைய அடைச்சு, உருட்டிப் பாத்து, அப்பவும் லேசா உருள்றதா வாங்குங்க."

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆபத்தே அங்கேதான் இருந்தது.

சொர்ணம் பாஸ்போர்ட்டை மூத்த அண்ணனிடம் கொடுத்து, "பத்திரமா வெச்சிருங்கண்ணா" என்றாள். அவர் அதைச் சட்டையின் உள்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "பஸ் ஏறறப்ப வெத்தலை பாக்கோட மூத்த மாமன் கையால குடுப்பேன். அதுவரைக்கும் என்ர நெஞ்சுலயே கெடக்கட்டும்."

பெட்டிக்கடல் போலிருந்த கடையில் கடைக்காரர் இத்ரீஸ் பாய் இருப்பதிலேயே பெரிய பெட்டியை எடுத்து விட்டார். வழவழப்பான தரையில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இது காலி," என்றார் நாச்சிமுத்து. "அடைச்சுப் பாக்கோணும்."

"அதுல காத்து அடைஞ்சுதானே இருக்குது?" என்றார் குப்பண்ணன்.

சென்னியப்பன் நெடுநேரம் யோசித்தார். "காத்துக்கு ஒரு விசுவாசம் கெடையாது. இப்ப பெட்டிக்குள்ள இருக்கும், தொறந்தா பாயோட மூக்குல இருக்கும். அதை நம்பி வெளிநாடு அனுப்ப முடியாது."

பழைய செய்தித்தாளைத் திணித்துப் பார்க்கலாம் என்றார் பாய்.

"எங்க அம்மிணி செய்தித்தாளையா கொண்டுபோறா?" என்று நாச்சிமுத்து கேட்டார். அன்று பாய் பேச்சைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கிய இடம் அதுதான்.

பெண்ணுக்குச் சொந்தமானதைத்தான் அடைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கடையில் அவளுக்குச் சொந்தமாக இருந்தவர்கள் மூன்று மாமன்கள். குப்பண்ணன் தொப்பையால் தள்ளுபடியானார். நாச்சிமுத்துவின் கால்கள் நீளம். சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, பெட்டிக்குள் மடங்கினார்.

மூக்குக்கு மட்டும் இடைவெளி விட்டு ஜிப்பை இழுத்தார்கள். இழுப்பானைப் பூட்டில் செருகி எண் சக்கரங்களைச் சுழற்றினார்கள். உருட்டினார்கள். பெட்டி பூப்போல உருண்டது.

"எப்படி இருக்குதுண்ணா?"

"தேராட்டம் போகுது," என்றது மூக்கு.

நாச்சிமுத்து விலையைக் கொடுத்தார். பிறகு பெட்டியைத் திறக்க நம்பர் கேட்டார்.

மூக்கு சட்டென்று உள்ளிழுத்துக்கொண்டது. சென்னியப்பன் பெட்டிக்குள் போகுமுன் பாய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: பூட்டு நம்பரை மனசுக்குள்ளே வெச்சுக்குங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க, எங்கிட்டயே சொல்லாதீங்க. சென்னியப்பனும் மனதுக்குள் ஒரு நம்பரை வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பூட்டிலும் வைக்க வேண்டும் என்று பாய் சொல்லவில்லை.

"பாய் நிக்கறாரு. சொல்லமாட்டேன்."

"புதுப் பூட்டு எல்லாத்துக்கும் மூணு..." என்று பாய் ஆரம்பித்தார். சகோதரர்கள் இருவரும் பதறிக் காதைப் பொத்திக்கொண்டார்கள். ரகசியத்தைக் கேட்பது பாவம்.

சரி, வீட்டுக்கே உருட்டிப் போய்விடலாம் என்றார் குப்பண்ணன். நாச்சிமுத்து தம்பியை ஏறிட்டுப் பார்த்தார்.

"சீர் சாமான் தரையில படலாமாடா?"

படக் கூடாது. ஆகவே பெரிய தாம்பாளம் வந்தது. அதில் பூ, பழம், மஞ்சள், நடுவில் சக்கரம் வைத்த பெட்டி, பெட்டிக்குள் அண்ணன். நாயனமும் தவிலும் முன்னே போக, தம்பிகள் இருவரும் அதைத் தலையில் தாங்கி ஊர்வலம் வந்தார்கள். பிள்ளையார் கோயிலில் நின்று கற்பூரம் காட்டினார்கள். பூசாரி பழக்கதோஷத்தில் மூக்குக்கும் விபூதி இட்டார். பெட்டி இரண்டு முறை தும்மியது.

வீடு வந்தபோது மூன்றரை மணி. பூங்கோதை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பெரிய மாமா எங்க?"

"உள்ள," என்றார்கள்.

அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "இங்க இல்லியே."

"பெட்டிக்குள்ள, அம்மிணி."

அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். மூன்று சைபரைத் திருப்பினாள். பூட்டு திறந்தது. சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்து, அவமானத்தோடு தவில்காரரைப் பார்த்தார். "நம்பர் வெளிய போயிருச்சு."

"மாமா, பாஸ்போர்ட்டக் குடுங்க."

"பஸ்ல ஏறறப்பதான். வெத்தலை பாக்கோட."

வாதாட நேரம் இல்லை. துணி, புத்தகம், பருப்புப்பொடி எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் அடைத்து மூடினாள். சென்னியப்பன் இந்த முறை துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு, பூட்டிலேயே புது நம்பர் வைத்தார். வைக்கும் முறையைப் பூட்டோடு வந்த சீட்டைப் பார்த்து வாய்விட்டுப் படித்தவர், நம்பரை மட்டும் முழுங்கிவிட்டார்.

பூங்கோதை பெட்டியை இழுத்தாள். வாசல் முழுவதும் சரளைக்கல். சக்கரம் திக்கி நின்றது. அவள் அதை அங்கேயே விட்டுவிட்டு, அம்மாவிடம் விபூதி வாங்க உள்ளே ஓடினாள்.

மாமன்மார் மூவரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"கடையில உருண்டுச்சு. இங்க உருளல. என்ன மாறியிருக்குது?" என்றார் நாச்சிமுத்து.

தரை மாறியிருந்தது. அது அவர்களுக்குக் கீழே இருந்ததால் ஒருவரும் பார்க்கவில்லை.

"கடையில அண்ணன் உள்ள இருந்தாரு," என்றார் குப்பண்ணன் மெல்ல.

மூவரும் பெட்டியைத் திண்ணை மறைவுக்குத் தூக்கிப் போனார்கள். சென்னியப்பனின் கண் கலங்கியது. "சோதிச்சுப் பாத்தது என்னைய வெச்சு. துணிய வெச்சு ஆரு சோதிச்சா? அன்னிய தேசத்துல கொழந்தை பெட்டிய இழுக்க முடியாம நிக்கறதா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

உள்ளே சொர்ணம் மகளின் நெற்றியில் விபூதி வைத்தாள். "பொறப்பட்டா திரும்பிப் பாக்கக் கூடாது சாமி. நேரா போ. பெட்டிய மாமன்மாரு பின்னாடியே கொண்டாருவாங்க."

இதிலெல்லாம் பூங்கோதைக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அம்மா அழுதுகொண்டிருந்தாள். அதனால் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தார்ச்சாலை ஏறியதும் பின்னால் பெட்டி உருளும் ஓசை கேட்டது, திக்கல் இல்லை, திணறல் இல்லை. வாழ்நாளில் முதல் முறையாக மாமன்மார் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பேருந்து நிலையத்தில் நாலு மணி வண்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் பெட்டி வைக்கும் அடிப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். பூங்கோதை அப்போதுதான் திரும்பினாள். பெட்டி இருந்தது. இரண்டு மாமன்கள் இருந்தார்கள். ஜிப்பின் மூலையில் விபூதி பூசிய மூக்கு ஒன்று இருந்தது.

"என்ர துணியெல்லாம் எங்க?" என்றாள், மிக மெதுவாக.

"ஊட்ல பத்திரமா இருக்குது அம்மிணி," என்றார் குப்பண்ணன். "அதைப் போட்டாத்தான் உருள மாட்டேங்குதே."

"பாஸ்போர்ட்?"

"அண்ணன் நெஞ்சுல."

வெற்றிலை பாக்கைக்கூட நாச்சிமுத்து மறக்காமல் கையில் வைத்திருந்தார். பூங்கோதை தரையில் மண்டியிட்டு மூன்று சைபரைத் திருப்பினாள். பூட்டு அசையவில்லை.

"மாமா, நம்பரைச் சொல்லுங்க. வண்டி கெளம்புது."

மூக்கு அப்பக்கமும் இப்பக்கமும் திரும்பி மோப்பம் பிடித்தது.

"கண்டக்டரு பக்கத்துல நிக்கறாரு அம்மிணி. நீ மொதல்ல பெட்டிய ஏத்து. ஜெர்மனில எறங்குனதும் சத்தமாவே சொல்றேன். அங்க ஆருக்கும் தமிழ் தெரியாது."