கீழே இறங்கிய சூடு

குன்னூரில் எஸ்டேட் முதலாளி தணிகாசலம், குளிருக்காக மாடியின் மரத்தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் போடச் சொன்னார். சூட்டைத் தரை முழுக்கப் பரப்ப அலுமினியத் தகடும், சூடு கீழே இறங்காமல் தடுக்கப் பஞ்சும் வேண்டும் என்றான் பிளம்பர் இருளப்பன்.

"கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்று வெட்டிவிட்டார்.

மார்கழி வந்தது. தரை சில்லென்றே கிடந்தது. விருந்தாளிகள் முன்னால் முதலாளி இருளப்பனைப் பிடித்துக்கொண்டார். "என் சூடு எங்கடா போச்சு? சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்து காட்டு. இல்லேன்னா ஊர்ல ஒருத்தரும் உனக்கு வேலை தரமாட்டாங்க."

"வீட்டுக்குள்ளதான் இருக்கு ஐயா, கூட்டிட்டு வரேன்" என்று போனவன், கீழ் அறையில் குடியிருந்த சமையல்காரி சிவனம்மாவை வெற்றிலை பாக்குத் தட்டோடு அழைத்துவந்தான்.

"நீங்க நல்லா இருக்கணும் ஐயா" என்றாள் அவள். "மேலேருந்து இறங்குற சூட்டுல, இந்த வருஷம் எம்புள்ளைங்க போர்வையே கேக்கல."

விருந்தாளிகள் கைதட்டினார்கள். தட்டை வாங்கியவர் சூட்டைத் திருப்பிக் கேட்க முடியுமா? அந்த வாரமே மாடிக்குத் தகடும் பஞ்சும் வந்தன. கீழ் அறைக்கும் தனியாக ஒரு குழாய் போனது.

சிவனம்மா இன்னொரு தட்டை இருளப்பனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"இதையும் அவருக்கே குடு அக்கா. அன்னிக்குத் தெரியாம குடுத்தாரு. இன்னிக்குத்தான் தெரிஞ்சு குடுத்திருக்காரு."