ஈரம் குடிக்க மறந்த துணிகள்

ஒரு ஊரில் ஒரு மொட்டை மாடி இருந்தது. அந்த மாடியில் ஒரு துணிக்கொடி இருந்தது. கீழே வீட்டுக்குள் குழந்தை கண்ணயர்ந்ததும் அந்தக் கொடியில் தொங்கும் துணிகளுக்குப் பேச்சு வந்துவிடும். குழந்தை சிணுங்கினால் பேச்சு நின்றுவிடும். அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பகல் தூக்கத்தில் நடப்பதற்கெல்லாம் யாரால் காரணம் சொல்ல முடியும்?

கொடியில் குழந்தையின் இடுப்பில் கட்டும் நாப்பித் துணிகள் மூன்று வகை தொங்கும். ஒவ்வொரு வகையிலும் நாலைந்து உண்டு என்றாலும், ஒரு வகைக்கு ஒரே குரல்தான்.

முதலாவது வெள்ளை. குழந்தையின் அப்பா தங்கதுரையின் பழைய வேட்டியைக் கிழித்து எடுத்த சதுரத் துணி. முக்கோணமாக மடித்து இடுப்பில் முடிச்சுப் போட வேண்டும். பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி போடக் கூடாது, உடுத்திப் பழகிய துணிதான் போட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் குழந்தையை முதன்முதலில் தொட்டவன் வெள்ளைதான். அந்தத் தலைக்கனம் அவனுக்கு நிறையவே இருந்தது.

அடுத்தவன் யானை. வெளியே தண்ணீர் புகாத உறை, அதில் வரிசையாக நீல யானைகள். உறைக்கு உள்பக்கம் ஒரு பை. ஈரத்தைக் குடிக்கும் தடித்த பட்டையை அந்தப் பைக்குள் செருக வேண்டும். அம்மா பூங்கோதையோடு வேலை பார்க்கும் தோழிகள் பரிசாகக் கொடுத்தவன்.

மூன்றாமவன் மொத்தன். உறையையும் பட்டையையும் சேர்த்துத் தைத்த ஒரே உருப்படி. மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் துவைத்துப் போட்டால் காய்வதற்கு இரண்டு நாள் வெயில் கேட்பான். மழைக்காலத்தில் பாவம், அவனுக்கு எப்போதும் பாதி உடம்பு ஈரம்தான்.

ஒரு நாள் பூங்கோதை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டே தன் கணவனிடம் சொன்னாள்.

"ஒவ்வொண்ணையும் கட்டிப் பாப்போம். எது சரியா வருதோ அதுலயே ஒரு டஜன் வாங்கிருவோம். மிச்சத்த அடுப்படிக்குக் கரித்துணியாப் போட்டுரலாம்."

அன்றோடு கொடியில் நிம்மதி போயிற்று.

"நான் நனைந்தால் உடனே தெரிந்துவிடும். எனக்கு ஒளித்து வைக்கத் தெரியாது" என்றான் வெள்ளை.

"தெரியாமல் என்ன? அம்மாவின் புடவை வரைக்கும் தெரிந்துவிடுகிறதே!" என்றான் யானை.

"நீ ரொம்பப் பேசாதே. உன் பட்டையைப் பைக்குள் திணித்து முடிப்பதற்குள் குழந்தை பாயை நனைத்துவிடுகிறாள். என்னைப் பார், எடுத்தால் போட்டுவிடலாம்" என்றான் மொத்தன்.

"முதலில் நீ காய்ந்து வா, அப்புறம் பேசு" என்றார்கள் மற்ற இருவரும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, குழந்தையைப் பார்க்கத் தங்கதுரையின் தங்கை சுயம்புக்கனி வந்தாள். ஆசையாகப் பிள்ளையைத் தூக்கினாள். தூக்கியவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன மைனி, பிள்ளகிட்ட ஒரு மாதிரி வாட வருதே? துணிய நல்லாத் தொவைக்கியளா?"

பூங்கோதைக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே அந்த வீட்டுக்கு ஒரு ஊதா நிறப் புட்டி வந்தது. துவைத்து அலசிய பிறகு கடைசித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றினால் துணி மணக்கும். அதற்குப் பிறகு பூங்கோதைக்கு ஒரு பழக்கம் வந்தது. குழந்தைக்குக் கட்டுமுன் ஒவ்வொரு துணியாக எடுத்து மோந்து பார்ப்பாள். எது அதிகம் மணக்கிறதோ அதைக் கட்டுவாள்.

துணிகள் இதைக் கவனிக்காமல் இருக்குமா? குழந்தை தூங்கும் நேரத்தில், வாளிக்குள் கிடந்தபடியே புட்டியிடம் கெஞ்ச ஆரம்பித்தன.

"என் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாயேன்."

"எனக்கு இன்னும் ஒரு சொட்டு."

"நான் மொத்தமானவன், எனக்கு ஒரு மூடி எப்படிப் போதும்?"

ஊதாப் புட்டி இனிமையாகப் பேசுகிறவள். "கேட்டவருக்கு இல்லையென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை" என்பாள். பூங்கோதை ஒரு மூடிக்குச் சாய்த்தால் அவள் மூன்று மூடி வழிந்துவிடுவாள். வாளித் தண்ணீர் மெல்ல வெளிர் ஊதாவாக மாறும். அதில் யானைகள் மிதந்து மிதந்து போகும். மேல் சன்னல் வழியாக விழும் வெயில் தண்ணீரில் ஆடும். மூன்று பேருக்கும் கண் சொக்கும். தாங்கள் எதற்காகப் பிறந்தோம் என்பதே அந்த நேரத்தில் அவர்களுக்கு நினைவிருக்காது.

கொடியில் சண்டை நின்றது. காற்று வந்தால் மாடியே மணத்தது. ஒரு தேனீ ஏமாந்து வந்து, யானையின் தும்பிக்கையில் உட்கார்ந்து, தேன் தேடிவிட்டுப் போயிற்று. யானைக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் அவர்களிடமிருந்து ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது தாகம். புட்டியின் வாசனை ஒவ்வொரு இழையின் மேலும் மெழுகாகப் படிந்தது. இழைகள் வாயை மூடிக்கொண்டன. குழந்தை நனைத்தபோது அந்த ஈரத்துக்குப் போக இடம் இல்லை. அது குழந்தையின் தோலிலேயே தங்கிவிட்டது.

தொடை இடுக்கு முதலில் சிவந்தது. பிறகு பொரிப்பொரியாகக் கிளம்பியது. குழந்தை அழுதாள். பசிக்கு அழும் அழுகை இல்லை இது, எரிச்சல் தாங்காமல் அழும் அழுகை. பூங்கோதை வெள்ளையை அவிழ்த்து யானையை மாட்டினாள். யானையைக் கழற்றி மொத்தனை மாட்டினாள். தேங்காய் எண்ணெய் தடவினாள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவளும் குழந்தையோடு சேர்ந்து அழுதாள்.

"எதத்தாண்டி கட்டுவேன் ஒனக்கு? என் தங்கத்துக்கு எரியுதே! ஏங்க, இந்தத் துணி சவகாசமே வேண்டாம். எல்லாத்தையும் மூட்ட கட்டுங்க. கடையில விக்கிற, கட்டிட்டுத் தூக்கிப் போடுறதையே வாங்கிட்டு வாங்க."

"சரி, அழாத. சாயங்காலம் வாங்கிட்டு வாறேன்" என்றான் தங்கதுரை.

மதியம் குழந்தை அழுது அழுது தூங்கிப்போனாள். வானம் மூட்டமாக இருந்தது. கொடியில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

"நாம்தான் இவ்வளவு மணக்கிறோமே, பிறகு ஏன் அழுகிறாள்?" என்று கேட்டான் மொத்தன்.

"எனக்குத் தாகம் எடுக்கவில்லை. எத்தனை நாளாக என்றுகூடத் தெரியவில்லை" என்றான் வெள்ளை.

"என் பட்டையும் அப்படித்தான்" என்றான் யானை மெதுவாக. "சொன்னால் கேவலம் என்று இருந்தேன்."

அப்போது தூறல் விழுந்தது. முதல் துளி வெள்ளையின் மேல் விழுந்து, தாமரை இலைத் தண்ணீராக, ஒட்டாமல் உருண்டு நின்றது. பழைய வேட்டித் துணியின் மேல் மழைத்துளி நிற்கிறது! படியில் காலடிச் சத்தம் கேட்டது. துணி எடுக்கப் பூங்கோதை ஓடி வருகிறாள்.

"மடிந்துகொள்!" என்று பதறினான் யானை. "பார்த்தால் உன்னைத்தான் முதலில் கரித்துணி ஆக்குவாள்!"

"குழந்தையை முதலில் தொட்டவன் நான் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டேன். அப்படியானால் அவளுக்குச் செய்த கெடுதலையும் நான்தான் முதலில் காட்ட வேண்டும்" என்றான் வெள்ளை.

காற்றுக்கு உடம்பைக் கொடுத்து முழுவதுமாக விரிந்தான்.

பூங்கோதை துணியை இழுக்கப் போனவள் அப்படியே நின்றாள். துளிகள் வெள்ளையின் மேல் முத்து முத்தாக உட்கார்ந்திருந்தன. விரலால் தொட்டாள். துளி நகர்ந்தது, உள்ளே போகவில்லை. பக்கத்தில் தனியாகக் காயப் போட்டிருந்த யானையின் பட்டை தானாகத் திரும்பித் தன்மேல் நின்ற துளியைக் காட்டியது. மொத்தனும் தன் உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொண்டான். மழையில் நனைந்துகொண்டே அவள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அட பாவி, வாசன வாசனன்னு நானேல்லா இதுகளக் குடிக்க விடாமப் பண்ணிட்டேன்!" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாடியிலிருந்தே கத்தினாள். "ஏங்க! கடைக்குப் போவாண்டாம். பெரிய பானைய எறக்குங்க!"

வெள்ளையும் யானையின் பட்டையும் கொதிக்கும் தண்ணீரில் இறங்கினார்கள். உறை தாங்காது என்பதால் யானையும் மொத்தனும் சுடுதண்ணீர் வாளிக்குப் போனார்கள். நுரை நுரையாக வாசனை கழன்று வந்தது. தண்ணீரைக் கொட்டிக் கொட்டி மாற்றினாள் பூங்கோதை. நீல யானைகள் கொஞ்சம் வெளுத்துப் போயின. வலித்தது என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் யாரும் வெளியே வரக் கெஞ்சவில்லை.

"நான் ஆசையாகக் கொடுத்ததை இப்படிக் கொட்டுகிறீர்களே" என்றாள் அலமாரியிலிருந்து புட்டி.

"உன்மேல் குறை இல்லை. கேட்டது நாங்கள்தானே" என்றான் மொத்தன்.

தண்ணீர் தெளிந்தபோது மூன்று பேருக்கும் தாகம் எடுத்திருந்தது. அப்படி ஒரு தாகம்.

குழந்தையின் சிவப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. வெயில் அடித்தால் மொத்தன், மழை பெய்தால் வெள்ளை, வெளியே கிளம்பினால் யானை என்று நாட்கள் போயின. சில நாள் அதுவும் இல்லை, கைக்கு எது வந்ததோ அது.

ஒரு நாள் தங்கதுரை செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தான். பூங்கோதை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கொடிக்கு அடியில் நடந்துகொண்டிருந்தாள்.

"ஏளா, எந்தத் துணி சரியா வருது? சொன்னா அதுலயே ஒரு டஜன் போட்டுருவேன்."

கொடியில் ஆட்டம் நின்றது. குழந்தையின் இடுப்பில் இருந்தவனும் காது கொடுத்தான்.

பூங்கோதை யோசித்தாள். இன்னும் யோசித்தாள்.

"இப்ப எதக் கட்டிருக்கேன்னே ஞாபகம் இல்லைங்க" என்றாள். "பிள்ள அழலயா, அப்படியே மறந்துட்டேன்."

அந்தத் துணிகளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.