சாமி ஒட்டிய சுவர்

உறையூரில் ஒரு சின்ன மடம். நடத்தி வந்தவர் ஓர் அம்மையார். அவரைவிடப் பத்து வயது மூத்தவர் அவருடைய சீடர் தாயுமானவன். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

மடத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே மடத்துச் சுவரோரம் மூட்டை தூக்குகிறவர்கள் சீட்டாடுவார்கள். செருப்பு தைக்கிற இருளப்பன் அதே சுவரில் முதுகைச் சாய்த்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். பீடிப் புகை, வெற்றிலை எச்சில். அவசரம் என்றால் ஒதுங்குவதும் அந்தச் சுவரில்தான். மூக்கைப் பிடிக்காமல் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது.

தாயுமானவனுக்குப் பொறுக்கவில்லை. சுவர் நெடுகச் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டிவிட்டார். பிள்ளையார், முருகன், மாரியம்மன், எதற்கும் இருக்கட்டும் என்று மாதாவும் மெக்காவும். கொஞ்ச நாளில் சந்து துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. மடத்துக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்.

ஒரு நாள், மடத்தைக் கூட்டிப் பெருக்குகிற மருதாயியை அந்தச் சந்தில் ஒருவன் பட்டப்பகலில் மடக்கினான். தோட்டைப் பிடித்து இழுத்ததில் காது அறுந்துவிட்டது. கத்தியிருக்கிறாள். சந்து வீடுகளில் திறந்திருந்த ஜன்னல்களையும் சாத்திக்கொண்டார்கள். ரத்தம் சொட்டச் சொட்டத் தானாகவே நடந்து வந்தாள். இனிமேல் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வேலையை விட்டால் அவளுக்குக் கஞ்சிக்கு வழியில்லை.

பயம் அவளோடு நிற்கவில்லை. சந்தில் இரண்டு குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. விளக்கு வைக்கும் முன்பே மற்ற வீடுகளில் கதவு அடைத்தார்கள்.

தாயுமானவன் அம்மையாரிடம் வந்தார்.

"இவ்வளவு சுத்தமா வச்சும் ஏம்மா இப்படி ஆச்சு?"

அம்மையார் எழுந்து அவரைச் சந்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஈ காக்கை இல்லை.

"இருளப்பன் இருந்த எடத்துல உக்காருங்கய்யா."

தாயுமானவன் செருப்பைத் தூரமாகக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்லா சாஞ்சுக்குங்க."

"முதுகுக்குப் பின்னால முருகன் இருக்காரேம்மா."

"சரி, நாலு பேரைக் கூப்பிட்டுச் சீட்டாவது ஆடுங்களேன்."

"சாமி முன்னாலயா? ஐயையோ!"

"அப்ப இப்படியே நிமிந்து உக்காந்திருங்க."

கொஞ்ச நேரம்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"முடியலம்மா."

"அவருக்கும் முடியலய்யா. அதான் போயிட்டாரு."

தாயுமானவன் சுவரைப் பார்த்தார். வரிசையாக எல்லாச் சாமியும் பளபளவென்று இருந்தது.

"இத்தனை சாமி பாத்துக்கிட்டிருக்க, அந்தப் பாவிக்கு மட்டும் எப்படிம்மா கை வந்துச்சு?"

"சாமிக்குப் பயந்தவங்களை எல்லாம் நீங்க கிளப்பிவிட்டுட்டீங்க. அவன் பயப்படாதவன். அவனுக்குச் சந்து காலியா கெடச்சுது."