அக்னி மூலையில் ஒரு சாய்வு நாற்காலி

அம்பாசமுத்திரம் சங்கரலிங்கம் பிள்ளை வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பழைய அடுக்களை ஒரே இருட்டு, புழுக்கம். மருமகள் வடிவு ஒரு ஜன்னல் கேட்டாள்.

"எங்க தாத்தா கட்டின சுவரு. இடிக்கப்படாது, செலவும் ஆகப்படாது. அடுப்பை மட்டும் வீட்டோட அக்னி மூலைக்கு மாத்து, எல்லாம் சரியாயிரும்" என்றார் பிள்ளை.

"சரி மாமா" என்றாள் வடிவு.

மறுநாள் பிள்ளை கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். வீட்டின் அக்னி மூலையான முன்னறைத் தென்கிழக்கு மூலையில், அவருடைய சாய்வு நாற்காலி கிடந்த இடத்தில், அடுப்பில் மிளகாய் வறுபட்டுக்கொண்டிருந்தது.

"என் நாற்காலி எங்கம்மா?"

"அடுக்களையில போட்டிருக்கேன் மாமா. அங்க உக்காந்து பேப்பர் படிங்க. இடிக்கவும் இல்ல, செலவும் இல்ல."

வீம்புக்குப் போய் உட்கார்ந்தார். ஓர் எழுத்தும் தெரியவில்லை, வேர்த்துக் கொட்டியது. குழம்பு கொதிக்குமுன் வெளியே வந்துவிட்டார்.

"கொத்தனாரை வரச்சொல்லு. தொழுவத்துல கிடக்க பழைய ஜன்னலையே வச்சிரலாம்."

"அடுப்பு மறுபடி அங்கயே போயிருமே. வாஸ்து, மாமா?"

"முதல்ல காத்து வரட்டும்மா. வாஸ்து பின்னாலயே வரும்."

காற்று வந்தது, வெளிச்சம் வந்தது, அடுப்பும் திரும்பி வந்தது. ஜன்னலடியில் பிள்ளை சாய்ந்து பேப்பர் படிக்கும் நாற்காலியை வெளியே அனுப்பத்தான் வடிவுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.