ஆட்டு வயிற்றில் வந்த விதை

முன்னொரு காலத்தில், மழை சொன்ன நாளில் பெய்த காலத்தில், பெருநெல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே வந்து சேர்ந்தான் கொக்கிமூக்கன் என்ற மாயாவி. வயலில் கோலைத் தட்டினான்; மூன்றே நாளில் கதிர் சாய்ந்தது. சனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டு, அறு, தட்டு, அறு. மண்ணை மூச்சுவிட விட்டார்களா? இல்லையே! கடைசியில் மண் செம்புத் தகடாய் இறுகிப்போனது.

விதைநெல் மொத்தத்தையும் மாயாவி தன் களஞ்சியத்தில் பூட்டிக்கொண்டான். பசி தாங்காமல் அதில் ஒரு பிடி எடுத்தவர்களெல்லாம் அவன் மந்திரத்தால் எருதானார்கள். ஆடு மேய்க்கும் இருளாயியின் புருசன் முத்துராக்கு பிள்ளைகளுக்காக ஒரு பிடி எடுத்தான். அவனும் எருதானான்.

இருளாயி நேரே மாயாவி முன்னால் போய் நின்றாள். "என் புருசனை விடுய்யா."

"இந்த மண்ணில் ஒரு பச்சை முளை காட்டு. அன்றைக்கே என் மந்திரம் செத்தது" என்றான் அவன்.

ராஜா யானை கட்டி உழுதார். கலப்பையின் கொழு முறிந்தது. மண் அசையவில்லை, முளை வரவில்லை, எருது எருதாகவே நின்றது. மந்திரி குடம் குடமாகப் பன்னீர் தெளித்தார். மண் அசையவில்லை, முளை வரவில்லை, எருது எருதாகவே நின்றது.

"நான் கிடை போடுறேன்" என்றாள் இருளாயி. காட்டில் குடைவேலங்காய் தின்று வந்த நாற்பது ஆடுகளையும் வயலில் மூங்கில் வேலி வைத்து அடைத்தாள்.

"ஆட்டுப் புழுக்கையா?" மாயாவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போடு, போடு. விதைக்கு எங்கே போவாய்?"

முதல் நாள் புழுக்கை விழுந்தது. இரண்டாம் நாள் மூத்திரம் ஊறித் தகடு நெகிழ்ந்தது. மூன்றாம் நாள் தூறல் போட்டது. பொழுது விடிந்து பார்த்தால், புழுக்கைக்குள்ளிருந்து ஒரு பச்சை முளை! தின்ற காயின் கொட்டை செரிக்காமல் வந்து முளைத்திருந்தது. ஊர் விதையையெல்லாம் பூட்டிய மகா புத்திசாலிக்கு ஆட்டு வயிற்றைப் பூட்டத் தோன்றவில்லை பாருங்கள்.

கோல் ஒடிந்தது. களஞ்சியம் திறந்தது. எருதெல்லாம் ஆளாயின. முத்துராக்கு முதலில் கேட்டது, "பிள்ளைக சாப்பிட்டுச்சா?" இருளாயி அழுதேவிட்டாள்.

"என்ன வேண்டும், கேளம்மா" என்றார் ராஜா.

"ஒரு அறுப்பு முடிஞ்சா மண்ணு ஓய்வெடுக்கட்டும் மகாராசா. ஆடு வந்து படுத்து எழுந்திரிச்ச பிறகு விதைக்கட்டும். விதைநெல்லு வீட்டுக்கு வீடு இருக்கட்டும்."

அப்படியே சட்டமானது. அப்புறம் அந்த நாட்டில் ஒரு அடுப்பும் எரியாமல் கிடக்கவில்லை. சுற்றியிருந்த ஏழு நாட்டுப் பசிக்கும் அங்கிருந்துதான் வண்டி வண்டியாக நெல் போனது.

கொக்கிமூக்கனா? மந்திரம் போய், வயிறு ஒட்டி, இருளாயி வாசலில் வந்து நின்றான். முத்துராக்கு கம்பை எடுத்தான். அவள் தடுத்து, ஒரு கும்பா கஞ்சி ஊற்றினாள். அவன் குடித்து முடித்ததும் கிடை வேலியைக் காட்டினாள்.

"அடுத்த வயலுக்குத் தூக்கிட்டுப் போ."

தூக்கினான். இன்றைக்கும் வயல் வயலாகத் தூக்குகிறானாம். மூன்று வேளையும் அவனுக்கும் சோறு உண்டு.