மேட்டில் இழுக்காத சிவப்புக் கார்

கோவையில், மேம்பாலத்தை ஒட்டிய ஒர்க்‌ஷாப் தெருவில், ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு ரேணுகாவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. மில் வேலை போன பிறகு கார் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். வயதைச் சொல்லி யாராவது கிண்டல் செய்தால், "மீசை நரைச்சா ஸ்பேனர் புடிக்காதுங்களா?" என்பார். வேலையில் படு சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த மாதம் அவரைப் பாடாய்ப் படுத்தியது ஒரு சிவப்புக் கார். பழைய டர்போ வண்டி. பல் டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக ஆசையாக வைத்திருந்தார். நின்ற இடத்தில் நன்றாக உறுமும். மேடு ஏறச் சொன்னால் மூச்சு வாங்கும். கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து சொல்லும் சென்சாரில் கோளாறு என்று காட்டியது.

நாச்சிமுத்து எதிரே இருந்த பஷீரின் உதிரிபாகக் கடையில் புது சென்சார் வாங்கிப் போட்டார். வண்டி பறந்தது. ஒரே வாரத்தில் மறுபடியும் மூச்சு வாங்கியது. இன்னொன்று வாங்கிப் போட்டார். அதற்கும் அதே கதி.

எந்தக் கடைச் சாமான் நல்லது என்பது அந்தத் தெருவில் காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே, டீக்கடையில் முடிவாகிவிடும். அங்கே சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது. நாச்சிமுத்து டீயை ஆற்றிக்கொண்டே, "பாய் கடையில டூப்ளிகேட் ஓடுதுங்கோ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் பஷீரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். சண்டை போட வந்தவராகத் தெரியவில்லை.

"ரேணும்மா, மாசக் கடைசியோட கடையை விட்டுடலாம்னு இருக்கேன்."

"ஏனுங் பாய்?"

"ஒரு பல்பு கேட்டுக்கூட ஆள் வரல. சும்மா உக்காந்திருக்கறது கஷ்டமா இருக்கும்மா."

நாச்சிமுத்துவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் தன் பக்கம் நியாயம் இருப்பதாக நினைக்கும் மனிதருக்குச் சங்கடம் ரொம்ப நேரம் தாங்காது.

"ஏனுங் அம்மிணி, டூப்ளிகேட் சாமானைப் பார்த்ததும் எப்படிங்க கண்டுபுடிக்கறது?" என்று கேட்டார்.

ரேணுகா எழுந்து வந்தார். சிவப்புக் காரின் பானெட்டைத் தூக்கி, சென்சாருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டார்.

"வண்டிய எடுங்ணா. பாலம் ஏறி எறங்கி வரலாம்."

போனார்கள். அளவு சொல்ல ஆள் இல்லாததால் இன்ஜின் தனக்குத் தெரிந்த கணக்கில் பெட்ரோலை எடுத்துக்கொண்டு, முன்னைவிடப் பரவாயில்லாமல் ஏறியது.

"பார்த்தீங்களா! அதைக் கழட்டினாத்தான் வண்டியே ஏறுது. பொய் சொல்ற சாமானுங்க அது."

"பொய்தானுங்ணா சொல்லுது" என்றார் ரேணுகா.

நாச்சிமுத்துவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

திரும்பி வந்ததும் ரேணுகா சென்சாரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க."

உள்ளே தலைமுடி போல ஒரு கம்பி. அதன்மேல் தூசி அப்பிக் கிடந்தது. ரேணுகா அதை வாங்கி கிளீனர் ஸ்ப்ரே அடித்தார். காயவிட்டு மாட்டினார். ஒயரையும் சேர்த்தார். மறுபடியும் கிளம்பினார்கள். இந்த முறை பாலம் ஏறியதே தெரியவில்லை. நாச்சிமுத்து பயந்துபோய் பிரேக்கை மிதித்தார்.

"டூப்ளிகேட் குளிச்சா ஒரிஜினல் ஆயிடுமாங்ணா?"

நாச்சிமுத்து ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கியதும் கேட்டார்.

"முன்னாடி ஃபில்ட்டர் இருக்குது. அதையும் மீறி உள்ள போற தூசி, காத்தோட பறந்துரும். கம்பியில எப்படிங் ஒட்டும்?"

"சென்சார் மாட்டற அன்னிக்கு வேற என்ன பண்ணுவீங்க?"

"ஏர் ஃபில்ட்டரைக் கழுவி, எண்ணெய் போட்டு மாட்டுவனுங்க. புதுச் சாமான் போடறப்ப அதுவும் சுத்தமா இருக்கோணுமில்லீங்களா?"

"இப்பவும் அதையே பண்ணுங்க."

ரேஸ் வண்டிகளுக்குப் போடும் துணி ஃபில்ட்டர் அது. தூசியைப் பிடித்து வைக்கத் துணியில் லேசாக எண்ணெய் விட வேண்டும். நாச்சிமுத்து கழுவினார். காய வைத்தார். பிறகு எண்ணெய் விட்டார். தீபாவளிக்குக் குழந்தைக்குத் தலையில் வைப்பதுபோல, ஒரு மடிப்பு விடாமல், ஊற ஊற விட்டார். அவருடைய அக்கறையைக் குறை சொல்ல முடியாது. நிறுத்தத்தான் தெரியவில்லை.

ரேணுகா வெள்ளை பனியன் துணி ஒன்றை ஃபில்ட்டருக்கு உட்புறம் பிடித்தார். வெளிப்புறத்திலிருந்து ஏர் ஹோஸால் மெதுவாகக் காற்று அடித்தார்.

துணியெங்கும் பொட்டுப் பொட்டாக எண்ணெய் தெறித்தது.

நாச்சிமுத்து துணியைக் கையில் வாங்கினார். விரலால் தேய்த்துப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த டயரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.

"இந்த எண்ணெய்லதான் தூசி ஒட்டியிருக்குது. ரெண்டு சென்சாரையும் நான்தானுங்க கெடுத்திருக்கேன்."

ரேணுகா எண்ணெய்த் துணியை வாங்கி மடித்து வைத்தார்.

"அந்த மனுசன் என்னை ஒரு வார்த்தை கேக்கலீங்க அம்மிணி."

"ஆமாங்ணா. கேக்கல."

நாச்சிமுத்து எழுந்து கை கழுவினார். எதிர்க்கடையை எட்டிப் பார்த்தார். பஷீர் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"இப்பவே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறனுங்க. கடையில யாரும் இல்லை. தனியாப் பேசிக்கலாம்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"உங்க சாமான் நல்ல சாமான்தானுங்க பாய்னு சொல்லுவேன்."

ரேணுகா பானெட்டை மூடினார்.

"அது அவருக்குத் தெரியுமேங்ணா. டீக்கடைக்குத்தான் தெரியாது."